காலரா திறந்துவிடும் வாசலும் குளுக்கோஸ் திறக்கும் வாசலும்: குடல் செல் சவ்வு பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1971 ஜூன் இறுதி. மேற்கு வங்கத்தின் எல்லையோர ஊரான போங்காவில், மருத்துவமனைக் கட்டில்கள் நிரம்பி, தரையும் நிரம்பிவிட்டது. கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து போருக்குத் தப்பி வந்த அகதிகளின் முகாம்களில் வாந்திபேதி பரவியிருந்தது. சிரையில் ஏற்றும் சலைன் பாட்டில்கள் வேகமாகத் தீர்ந்துகொண்டிருந்தன. முகாம்களில் காலராவால் இறப்பவர் விகிதம் சுமார் 30 விழுக்காடு என்று சொல்லப்பட்டது.

அங்கே பொறுப்பேற்றிருந்த கொல்கத்தா மருத்துவர் திலீப் மஹலனபிஸ் எடுத்த முடிவு, அன்றைய மருத்துவ வழக்கத்துக்குப் புறம்பானது: இன்று ஓ.ஆர்.எஸ். (வாய்வழி நீரேற்றக் கரைசல்) என்று சொல்லப்படும் கரைசலைக் குடிக்கக் கொடுப்பது. ஒரு லிட்டர் தண்ணீருக்கு 22 கிராம் குளுக்கோஸ், 3.5 கிராம் சமையல் உப்பு, 2.5 கிராம் சோடா உப்பு. இவற்றை கொல்கத்தாவிலேயே நிறுத்து, பிளாஸ்டிக் பொட்டலங்களில் போட்டு, இஸ்திரிப் பெட்டியால் வாயை ஒட்டி அனுப்பினார்கள். போங்காவில் குழாய் வைத்த டிரம்களில் கரைத்து வைக்க, நோயாளியின் உறவினர்களே கோப்பையில் பிடித்துப் புகட்டினார்கள். மூலப்பொருள் செலவு லிட்டருக்கு 11 பைசா. எட்டு வாரங்களில் 3,700க்கும் மேற்பட்டவர்களுக்குச் சிகிச்சை தரப்பட்டது. இறப்பு 3.6 விழுக்காடு.

சர்க்கரையும் உப்பும் உயிரைக் காத்தன என்று இந்த நிகழ்வைச் சுருக்கிச் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அப்படிச் சொன்னால் முக்கியமான கேள்வி மறைந்துவிடும். காலரா நோயாளிக்கு வெறும் தண்ணீர் கொடுத்தால் அது பேதியாகப் போகிறது. உப்புத் தண்ணீர் கொடுத்தாலும் அப்படியே. உப்போடு குளுக்கோஸைச் சேர்த்ததும் அதே குடல் நீரை உறிஞ்சத் தொடங்குகிறது. ஏன்? இதற்கான விடை செல் சவ்வின் அமைப்பில் இருக்கிறது. கரைசலின் ஒவ்வொரு எண்ணும் அந்தச் சவ்வைப் படித்து எழுதப்பட்ட எண்தான்.

கிழியாத சுவர்

முதலில் ஒரு பழைய தவறான நம்பிக்கையை ஒதுக்கிவிடலாம். காலராவில் அரிசி களைந்த கழுநீர் போல, வெண்மையான துணுக்குகள் மிதக்கும் பேதி வரும். அந்தத் துணுக்குகள் குடலின் உட்தோல் உரிந்து வருவது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். உட்தோலே போன பிறகு வாய்வழிக் கொடுத்து என்ன பயன் என்ற முடிவும் அதிலிருந்தே வந்தது. 1960ஐ ஒட்டி பாங்காக்கில் யூஜின் கங்கரோசாவும் உடன் பணியாற்றியவர்களும் உயிரோடிருந்த நோயாளிகளின் சிறுகுடலிலிருந்து நுண்ணிய திசு எடுத்துப் பார்த்தார்கள். செல் வரிசை அப்படியே இருந்தது. துணுக்குகள் வெறும் சளி.

ஆக, சுவர் இடியவில்லை. கடுமையான காலராவில் பெரியவர் ஒருவருக்கு மணிக்கு ஒரு லிட்டர் வரை நீர் வெளியேறலாம். அத்தனையும் முழுசாக இருக்கும் சுவரின் வழியாகவே போகிறது. அதற்கு முன்பே, 1959இல், கொல்கத்தாவின் சம்புநாத் தே இதற்கான குறிப்பைத் தந்துவிட்டார். காலராக் கிருமி வளர்ந்த ஊடகத்தை வடிகட்டி, கிருமியே இல்லாத அந்த வடிநீரை முயலின் கட்டிய குடல் துண்டுக்குள் செலுத்தினார். குடல் நீரால் வீங்கியது. கிருமி குடலைத் துளைக்க வேண்டியதில்லை, அது விடும் நச்சு போதும் என்பது அப்போதே தெரிந்துவிட்டது.

சவ்வு எதனால் ஆனது

பாஸ்போலிப்பிடு என்ற மூலக்கூறுக்கு நீரை விரும்பும் தலையும், நீரை வெறுக்கும் இரண்டு கொழுப்பு வால்களும் உண்டு. தண்ணீரில் போட்டால் வால்கள் ஒன்றையொன்று நாடி உள்ளே ஒளிய, தலைகள் இருபுறமும் வெளியே நிற்க, தானாகவே ஈரடுக்காக அமைந்துவிடும். 1925இல் கோர்ட்டர், கிரெண்டல் என்ற இரு டச்சுக்காரர்கள் சிவப்பணுக்களின் கொழுப்பைப் பிரித்து நீரின் மேல் ஒற்றை அடுக்காகப் பரப்பினார்கள். அது அணுக்களின் மேற்பரப்பைப் போல இரு மடங்கு பரப்பை மூடியது. அவர்கள் கொழுப்பை முழுதாகப் பிரிக்கவில்லை. உலர்ந்த அணுவை அளந்ததால் மேற்பரப்பையும் குறைத்தே கணக்கிட்டார்கள். இரண்டு பிழைகளும் ஒன்றையொன்று சரிக்கட்டி, விடை மட்டும் சரியாக வந்தது. அறிவியலில் அதிர்ஷ்டத்துக்கும் இடமுண்டு.

சவ்வின் மொத்தத் தடிமன் 5 முதல் 8 நானோமீட்டர். ஒரு மைக்ரோமீட்டர் நீள அகலமுள்ள துண்டில் சுமார் 50 லட்சம் லிப்பிடு (கொழுப்பு) மூலக்கூறுகள் இருக்கும். அவை ஓரிடத்தில் நிற்பதில்லை. பக்கத்து மூலக்கூறோடு நொடிக்கு ஒரு கோடி முறை வரை இடம் மாறிக்கொள்கின்றன. சவ்வு என்பது எண்ணெய்ப் படலம் போன்ற திரவம், அதில் புரதங்கள் மிதக்கின்றன என்ற சித்திரத்தை சிங்கரும் நிக்கல்சனும் 1972இல் முன்வைத்தார்கள். இடையிடையே செருகியிருக்கும் கொலஸ்ட்ரால், படலம் அளவுக்கு மீறி இளகாமலும் குளிரில் உறைந்துவிடாமலும் பார்த்துக்கொள்கிறது.

நம் நிகழ்வுக்குத் தேவையான செய்தி இதற்கு அடுத்தது. பக்கவாட்டில் இவ்வளவு வேகமாக ஓடும் பாஸ்போலிப்பிடு, மேல் அடுக்கிலிருந்து கீழ் அடுக்குக்குத் தானாகக் குட்டிக்கரணம் போடுவது மாதத்துக்கு ஒரு முறைகூட நடப்பதில்லை. தலை நீரை விரும்புவது. நடுவில் உள்ள கொழுப்பை அது கடக்க வேண்டுமே! அதனால் சவ்வுக்கு வெளிப்பக்கம், உட்பக்கம் என்ற வேறுபாடு நிலைத்திருக்கிறது. வெளிப்பக்கம் நோக்கிச் செருகிய புரதம் வெளிப்பக்கத்தையே நோக்கி நிற்கும்.

அயனிக்கும் இதே தடைதான். ஆக்சிஜனும் கார்பன் டை ஆக்சைடும் கொழுப்பு ஈரடுக்கில் தடையின்றி நுழைந்துவிடும். நீர் ஓரளவு நுழையும். குளுக்கோஸ் மிக மெதுவாக, நீரைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவாக நுழையும். சோடியம் போன்ற மின்னேற்றமுள்ள அயனிக்கு வழியே இல்லை என்று சொல்லிவிடலாம். நீரோடு ஒப்பிட்டால் அதன் ஊடுருவு திறன் கோடிக்கணக்கான மடங்கு குறைவு. தன்னைச் சுற்றியிருக்கும் நீர்ப் போர்வையைக் கழற்றிவிட்டு எண்ணெய்க்குள் இறங்க எந்த அயனிக்கும் ஆற்றல் போதாது. அதனால் சோடியம் எங்கே, எந்தத் திசையில் போகிறது என்பதை முடிவு செய்வது புரதங்கள் மட்டுமே. சோடியம் போகும் இடத்துக்கு நீர் சவ்வூடு பரவலால் பின்தொடரும். நீரை நேரடியாகத் தள்ளும் பம்ப் நம் உடலில் எங்கும் இல்லை.

ஒரே செல்லுக்கு இரண்டு முகம்

குடலின் உட்புறச் செல்லைத் தெருவைப் பார்த்த வீடு என்று எண்ணிக்கொள்ளுங்கள். முன்பக்கம் குடலின் உட்குழியைப் பார்க்கிறது. அதில் ஆயிரக்கணக்கான நுண்விரலிகள் பல் துலக்கும் பிரஷ் போல நிற்கின்றன. ஒவ்வொன்றும் சுமார் ஒரு மைக்ரோமீட்டர் உயரம். பின்பக்கமும் பக்கச் சுவர்களும் இரத்தத்தைப் பார்க்கின்றன. இரண்டையும் பிரிப்பது, பக்கத்துச் செல்லோடு வளையமாக ஒட்டியிருக்கும் இறுக்கச் சந்தி. திரவமான சவ்வில் மிதக்கும் புரதங்கள் முன்னிருந்து பின்னுக்கு ஓடிக் கலந்துவிடாமல் அது வேலியாக நிற்கிறது.

அந்த வேலி இல்லாவிட்டால் குடலுக்குத் திசையே இருக்காது. பின்பக்கச் சுவரில் மட்டும் இருக்கும் சோடியம்-பொட்டாசியம் பம்ப், ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறு ஒன்றைச் செலவழித்து 3 சோடியத்தை வெளியே தள்ளி 2 பொட்டாசியத்தை உள்ளே இழுக்கிறது. 1957இல் இதைக் கண்டறிந்த டென்மார்க்கின் யென்ஸ் ஸ்கோ, 40 ஆண்டுகள் கழித்து 1997இல் நோபல் பரிசு பெற்றார். இந்த பம்பின் உழைப்பால் செல்லுக்குள் சோடியம் லிட்டருக்கு 10 முதல் 15 மில்லிமோல்தான் (துகள்களின் எண்ணிக்கையைக் குறிக்கும் அலகு) இருக்கும், வெளியே 140. உட்புறம் மின்னழுத்தத்திலும் சுமார் 50 மில்லிவோல்ட் எதிர்மறை. முன்வாசலில் சோடியத்துக்கு ஏற்ற ஒரு புரதம் இருந்தால் போதும், சரிவில் உருளும் கல்லைப் போல அது உள்ளே வந்து விழும். பின்வாசலில் பம்ப் அதை இரத்தத்துக்குத் தள்ளிவிடும். முன்னே இறங்கி, பின்னே ஏறி, நீரையும் கூட்டிக்கொண்டு போகும்.

நாளொன்றுக்கு நம் சிறுகுடலைக் கடக்கும் நீர் 8 முதல் 9 லிட்டர். குடிப்பதும் உண்பதும் அதில் 2 லிட்டர். மீதி உமிழ்நீர், இரைப்பைநீர், பித்தம், கணைய நீர் என்று நாமே சுரப்பது. மலத்தில் போவது 100 முதல் 200 மில்லிலிட்டர்தான். இந்தக் கணக்கில் சிறு பிசகு நேர்ந்தாலே பேதி.

நச்சு எந்த வாசலைத் திறக்கிறது

காலரா நச்சில் ஆறு துண்டுகள் உண்டு: ஐந்து ‘பி’ துண்டுகள் வளையமாக, நடுவில் ஒரு ‘ஏ’ துண்டு. பி வளையம் முன்பக்கச் சவ்வின் வெளி அடுக்கில் இருக்கும் ஜிஎம்1 என்ற சர்க்கரை ஏந்திய கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். குட்டிக்கரணம் போடாத லிப்பிடு என்று மேலே சொன்னோமே, அந்தப் பண்பால்தான் ஜிஎம்1 எப்போதும் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது, நச்சுக்குக் கைப்பிடியாகிவிடுகிறது.

பிடித்ததும் செல் அதை உள்ளே விழுங்குகிறது. ஏ துண்டு, செல்லின் கழிவுப்புரதங்களை வெளியே தள்ளும் வழியைத் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தி உட்திரவத்துக்கு வந்து சேர்கிறது. அங்கே, செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் ஜி புரதம் ஒன்றின் அணைக்கும் பொத்தானைச் சேதப்படுத்திவிடுகிறது. பொத்தான் ‘போட்ட’ நிலையிலேயே சிக்கிக்கொள்ள, சுழல் ஏ.எம்.பி. என்ற செய்தி மூலக்கூறு இடைவிடாமல் உற்பத்தியாகிறது. அதன் விளைவு இரண்டு.

ஒன்று, குடலுறிஞ்சிகளின் (குடலின் உட்சுவரில் விரல் போல நீட்டி நிற்கும் மடிப்புகளின்) அடியில் இருக்கும் குழிகளில் உள்ள செல்கள் சி.எஃப்.டி.ஆர். என்ற குளோரைடு கால்வாயை முன்பக்கம் திறந்து வைக்கின்றன. பின்வாசலில் வேறொரு கடத்தி ஒரு சோடியம், ஒரு பொட்டாசியம், இரண்டு குளோரைடு என்ற கணக்கில் உள்ளே அள்ளிப் போட்டுக்கொண்டிருக்க, குளோரைடு முன்வாசலால் உட்குழிக்குக் கொட்டுகிறது. எதிர்மறை அயனி போன பிறகு நேர்மறை அயனி சும்மா இருக்காது. செல்களுக்கு இடையிலான சந்தி வழியாகச் சோடியம் கசிந்து வருகிறது. அதன் பின்னே நீர். பைகார்பனேட்டும் பொட்டாசியமும் கூடவே போகின்றன. பெரியவரின் காலரா மலத்தில் லிட்டருக்குச் சோடியம் சுமார் 135, குளோரைடு 100, பைகார்பனேட் 45, பொட்டாசியம் 15 மில்லிமோல். சோடியக் கணக்கில் இது இரத்தத் திரவத்துக்கு ஏறக்குறையச் சமம்.

இரண்டு, குடலுறிஞ்சியின் உச்சியில் இருக்கும் செல்களில், சோடியத்தை ஹைட்ரஜனுக்கு மாற்றாக உள்ளே எடுக்கும் வழக்கமான கடத்தி அடங்கிப்போகிறது. உப்புத் தண்ணீர் மட்டும் கொடுத்தால் பயனில்லாமல் போவது இதனால்தான். வழக்கமான உப்பு வாசல் பூட்டிக் கிடக்கிறது.

நச்சின் கை எட்டாத வாசல்

1960 ஆகஸ்டில் செக்கோஸ்லோவாக்கியாவின் பிராக் நகரில் நடந்த கூட்டம் ஒன்றில் ராபர்ட் கிரேன், குளுக்கோஸ் குடலில் சோடியத்தோடு கைகோத்தே உறிஞ்சப்படுகிறது என்ற கருத்தை வரைபடமாகப் போட்டுக் காட்டினார். அந்தப் புரதத்துக்கு இப்போது எஸ்.ஜி.எல்.டி.1 என்று பெயர். 1987இல் எர்னஸ்ட் ரைட் குழுவினர் அதன் மரபணுவைப் பிரித்தெடுத்தார்கள்.

ஒரு சுற்றை மட்டும் நெருங்கிப் பார்ப்போம். புரதம் முதலில் உட்குழியைப் பார்த்துத் திறந்திருக்கிறது. இரண்டு சோடியம் வந்து அமர்கின்றன. அவை அமர்ந்ததால்தான் குளுக்கோஸுக்கான இருக்கை உருவாகிறது. குளுக்கோஸ் வந்து உட்கார்ந்ததும் வெளிக்கதவு மூடுகிறது. ஒரு கணம் இரண்டு கதவுகளும் மூடியிருக்கின்றன. பிறகு உட்கதவு திறக்கிறது. உள்ளே சோடியம் குறைவு என்பதால் அது விலகி ஓடுகிறது, குளுக்கோஸும் இறங்குகிறது. காலியான புரதம் மீண்டும் வெளிப்பக்கம் திரும்புகிறது. ஒரே நேரத்தில் இருபக்கமும் திறந்திருக்காததால் இதைத் துளை என்று சொல்ல முடியாது. வங்கியின் இரட்டைக் கதவு போன்றது: ஒன்று மூடினால்தான் மற்றொன்று திறக்கும்.

இரண்டு சோடியத்தின் சரிவும் உள்ளிருக்கும் 50 மில்லிவோல்ட் இழுப்பும் சேர்ந்து எவ்வளவு வலிமை தரும்? சோடியம் பத்து மடங்கு வேறுபாடு என்று வைத்தால், இரண்டுக்கும் 10×10=100. மின்னழுத்தத்தின் பங்கு சுமார் 40 மடங்கு. பெருக்கினால், குடலில் குளுக்கோஸ் கிட்டத்தட்டத் தீர்ந்துபோன பிறகும், செல்லுக்குள் அதைப்போல 4,000 மடங்கு குவியும் வரை இழுக்க முடியும். அப்படிக் குவியாமல், பின்வாசலில் இருக்கும் ஜி.எல்.யு.டி.2 என்ற மற்றொரு கடத்தி குளுக்கோஸை இரத்தத்துக்கு வழிய விடுகிறது. சோடியத்தை பம்ப் தள்ளுகிறது. பக்கச் சுவர் இடுக்கில் உப்பு சேர, குளோரைடும் நீரும் பின்தொடர்கின்றன. கடத்தியின் ஒவ்வொரு சுற்றிலும் 200க்கு மேற்பட்ட நீர் மூலக்கூறுகள் அதற்குள்ளாகவே கூடப் போகின்றன என்று வாதிடுவோரும் உண்டு, மறுப்போரும் உண்டு. சிகிச்சைக் கணக்கு அதனால் மாறுவதில்லை.

முக்கியமான செய்தி: சுழல் ஏ.எம்.பி. எவ்வளவு ஏறினாலும் எஸ்.ஜி.எல்.டி.1 நிற்பதில்லை. சுரப்பு வாசல் குழிகளில் திறந்து கிடக்கிறது, அதைக் கரைசல் மூடுவதில்லை. குடலுறிஞ்சியின் உச்சியில் இன்னொரு வாசலால் அதைவிட வேகமாக உள்ளே வாங்குகிறோம். 1968இல் டாக்காவில் டேவிட் நாலினும் ரிச்சர்ட் கேஷும், பேதியின் அளவுக்கு ஈடாகக் கரைசலைக் குடிக்கவைத்து, சிரை வழித் திரவத் தேவை 80 விழுக்காடு குறைவதைக் காட்டினார்கள். போங்காவ் அதற்கு மூன்றாண்டு பிந்தியது. ஆய்வுக்கூட வார்டில் நடந்தது, பயிற்சியில்லாத உறவினர் கையாலும் நடக்கும் என்று போங்காவ் காட்டியது.

கொல்கத்தாவின் ஹேமேந்திரநாத் சட்டர்ஜி 1953லேயே 186 நோயாளிகளுக்கு வாய்வழிக் குளுக்கோஸ்-உப்புக் கரைசல் தந்து எழுதியிருந்தார். அது ஏன் வேலை செய்கிறது என்று சொல்ல அப்போது சவ்வியல் இல்லை. அதனால்தான் அந்தக் கட்டுரையை உலகம் கவனிக்காமல் விட்டது என்பது எங்கள் கணிப்பு.

பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தால்

இன்றைய உலகச் சுகாதார நிறுவன வாய்பாடு, ஒரு லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 2.6 கிராம், நீரற்ற குளுக்கோஸ் 13.5 கிராம், பொட்டாசியம் குளோரைடு 1.5 கிராம், டிரைசோடியம் சிட்ரேட் 2.9 கிராம். மொத்தம் 20.5 கிராம். மில்லிமோலுக்கு மாற்றினால் சோடியம் 75, குளுக்கோஸ் 75, குளோரைடு 65, பொட்டாசியம் 20, சிட்ரேட் 10. கூட்டினால் 245. இரத்தத்தில் கரைந்திருக்கும் துகள்களின் அளவு சுமார் 290.

அந்த 245 என்ற எண்ணுக்காக 25 ஆண்டுகளுக்கு மேல் ஆனது. 1975இல் வந்த முதல் வாய்பாட்டில் சோடியம் 90, குளுக்கோஸ் 111, மொத்தம் 331. அது உயிரைக் காத்தது, ஆனால் பேதியின் அளவைக் குறைக்கவில்லை. காரணம் சிறுகுடலின் மேற்பகுதி. அங்கே இறுக்கச் சந்திகள் பெயருக்குத்தான் இறுக்கம். நீரும் சோடியமும் கசியும். உட்குழியில் இரத்தத்தைவிட அடர்த்தியான திரவம் நின்றால், குளுக்கோஸ் உறிஞ்சப்படும் முன்பே நீர் இரத்தத்திலிருந்து குடலுக்கு இறங்கிவிடும். 2002இல் அடர்த்தியைக் குறைத்த பிறகு, குழந்தைகளில் எதிர்பாராமல் சிரை வழி ஏற்ற வேண்டிய தேவை மூன்றில் ஒரு பங்கும், பேதியின் அளவு 20 விழுக்காடும், வாந்தி 30 விழுக்காடும் குறைந்தன.

சோடா உப்பு இருந்த இடத்தில் 1984இல் சிட்ரேட் வந்தது வேறு கதை. குளுக்கோஸும் சோடா உப்பும் ஈரம் பட்டால் வினை புரிந்து பழுப்பேறிக் கட்டிதட்டிப்போகும். மழைக்கால நாடுகளில் பொட்டலம் தாங்கவில்லை. சிட்ரேட் கெடாமல் கிடக்கும், உடலில் பைகார்பனேட்டாக மாறி அமிலத்தன்மையையும் சரிசெய்யும்.

எங்கே தவறுகிறது

அதிகம் நடக்கும் தவறு, லிட்டர் பொட்டலத்தை ஒரு டம்ளரில் கரைப்பது. 200 மில்லிலிட்டரில் கரைத்தால் எல்லா எண்ணும் ஐந்து மடங்கு: சோடியம் 375, மொத்த அடர்த்தி 1,225. குடல் இரத்தத்திலிருந்து நீரை இழுக்கும், பேதி கூடும். உறிஞ்சப்படும் சோடியம் குழந்தையின் இரத்தத்தில் உப்பை ஏற்றி வலிப்பு வரை கொண்டுபோகும். கடைகளில் 200 மில்லிக்கான சுமார் 4 கிராம் சிறு பொட்டலமும் கிடைக்கும். எந்தப் பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பதை முதலில் படித்துவிட்டே கிழிக்க வேண்டும். கொஞ்சம் பொடி, கொஞ்சம் தண்ணீர் என்று கண்ணளவில் பிரிப்பதும் ஆபத்து. பொடியில் நான்கு பொருள்களும் சீராகக் கலந்திருக்கும் என்று சொல்ல முடியாது.

இரண்டாவது தவறு, இனிப்பாக இருந்தால் நல்லது என்ற எண்ணம். சோடாக்களும் பெட்டியில் வரும் பழச்சாறுகளும் சர்க்கரையால் இரத்தத்தைவிட இரு மடங்கு வரை அடர்ந்தவை. சோடியம் பேருக்குக்கூட இருக்காது. கைகோக்கச் சோடியம் இல்லாத குளுக்கோஸ் எஸ்.ஜி.எல்.டி.1 வாசலில் காத்துக் கிடக்கும். மருந்துக் கடைகளில் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்ற எழுத்துகளோடு விற்ற இனிப்புப் பானங்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. தாமதமான உத்தரவு, ஆனாலும் தேவையானது.

இளநீர் பற்றி ஒரு வார்த்தை. அதில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் மிகக் குறைவு. போங்காவ் பொட்டலத்தில் பொட்டாசியம் இல்லாத குறையை அது ஈடுகட்டும் தன்மையது. கரைசலுக்கு மாற்றாக அதை மட்டும் கொடுத்தால் சோடியக் கணக்கு நேராகாது.

மூன்றாவது தவறு பொறுமையின்மை. “குடிக்கக் குடிக்கப் போகுதே” என்று தாய் கரைசலை நிறுத்திவிடுகிறார். நச்சு பட்ட செல்லின் பொத்தான் திரும்பச் சரியாகாது. அந்தச் செல்கள் உதிர்ந்து, குழிகளில் பிறந்த புதுச் செல்கள் மேலேறி வர மூன்று முதல் ஐந்து நாள் ஆகும். அதுவரை பேதி இருக்கும். பார்க்க வேண்டியது பேதி நின்றதா என்பதல்ல. சிறுநீர் போகிறதா, கண் குழி மேலேறியதா, வயிற்றுத் தோலைக் கிள்ளி விட்டால் உடனே திரும்புகிறதா என்பவையே அளவுகோல்.

வாந்தி எடுத்தால் 10 நிமிடம் விட்டு, இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒரு தேக்கரண்டி வீதம் மீண்டும் தொடங்க வேண்டும். பாட்டிலில் புகட்டினால் குழந்தை தாகத்தில் கடகடவென்று இழுத்து முழுவதையும் திருப்பிவிடும். கரண்டிதான் சரி.

அளவு: இரண்டு வயதுக்குக் கீழே ஒவ்வொரு பேதிக்கும் 50 முதல் 100 மில்லி, பத்து வயது வரை 100 முதல் 200 மில்லி, அதற்கு மேல் விரும்பிய அளவு. நீரிழப்பு ஓரளவு தெரிந்தால் உடல் எடையில் கிலோவுக்கு 75 மில்லி, நான்கு மணி நேரத்தில்; 10 கிலோ குழந்தைக்கு 750 மில்லி. நாடி பிடிபடாமல், குடிக்க முடியாமல் துவண்டு கிடப்பவருக்குக் கரைசல் வேலை செய்யாது. குடலுக்கே இரத்தம் போகாதபோது கடத்தியால் என்ன செய்ய முடியும்? அவருக்குச் சிரை வழி ரிங்கர் லாக்டேட் என்ற உப்புக் கரைசல்: 50 கிலோ பெரியவருக்கு முதல் 30 நிமிடத்தில் 1.5 லிட்டர், அடுத்த இரண்டரை மணியில் 3.5 லிட்டர். குடிக்கத் தெம்பு வந்ததும் கரைசலையும் கூடவே தொடங்க வேண்டும், ஏனென்றால் ரிங்கரில் பொட்டாசியம் சொற்பம்.

பொட்டலம் கிடைக்காத இடத்தில்: ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய நீரில் தலைதட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. வெள்ளைச் சர்க்கரை, நுண்விரலிகளில் உள்ள நொதியால் குளுக்கோஸாகவும் ஃபிரக்டோஸாகவும் பாதிப் பாதி உடையும். ஆறு கரண்டியில் கிடைக்கும் குளுக்கோஸ், தற்செயலாக, அந்த 75க்கு அருகில் வரும். வங்கதேசத்தில் பிராக் (BRAC) என்ற தொண்டு அமைப்பு 1980 முதல் பத்தாண்டுகள் வீடு வீடாகச் சென்று, மூன்று விரல் சிட்டிகை உப்பு, ஒரு பிடி வெல்லம், அரை சேர் (ஏறக்குறைய அரை லிட்டர்) தண்ணீர் என்று 1.2 கோடி வீடுகளுக்கு மேல் கற்றுக்கொடுத்தது. வெல்லத்தில் கொஞ்சம் பொட்டாசியமும் உண்டு.

எதிர்ச் சான்று

எஸ்.ஜி.எல்.டி.1தான் காரணம் என்பதற்கு இயற்கையே செய்துவைத்த சோதனை ஒன்று உண்டு. அரிதாக, அந்தப் புரதத்தின் இரண்டு மரபணுப் பிரதிகளும் பழுதாகக் குழந்தை பிறக்கும். தாய்ப்பால் குடித்த முதல் நாள்களிலேயே கடும் பேதி தொடங்கும். பாலின் சர்க்கரை குளுக்கோஸாகவும் கேலக்டோஸாகவும் உடைந்து, வாசல் இல்லாமல் குடலிலேயே தேங்கி நீரை இழுக்கும். இந்தக் குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். கொடுத்தால் பேதி கூடும். குளுக்கோஸையும் கேலக்டோஸையும் விலக்கி ஃபிரக்டோஸ் உணவுக்கு மாற்றினால் பேதி நிற்கும். ஃபிரக்டோஸ் வருவது ஜி.எல்.யு.டி.5 என்ற வேறு வாசலால். அதற்குச் சோடியம் தேவையில்லை. பிறந்த சில நாளில் பேதி, கரைசல் தந்ததும் மோசமாகிறது என்றால் இந்த நோயை நினைக்க வேண்டும்.

வேலூரிலிருந்து ஒரு திருத்தம்

குளுக்கோஸ் கூடினால் சோடியம் கூடுதலாக உள்ளே வரும், ஆனால் அடர்த்தியும் கூடிவிடும். இந்த முடிச்சை அவிழ்க்க மாவுப்பொருள் உதவுகிறது. ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் கோத்த மாவு, அடர்த்திக் கணக்கில் ஒரே துகள். லிட்டருக்கு 50 கிராம் அரிசி மாவைக் காய்ச்சிய உப்புக் கஞ்சி காலராவில் பேதியின் அளவைக் கணிசமாகக் குறைப்பது இதனால்தான்: நொதி சவ்வின் வாசலிலேயே வெட்டிக் கொடுக்க, கடத்தி உடனுக்குடன் உள்ளே வாங்கிக்கொள்கிறது.

வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியின் பி.எஸ். ராமகிருஷ்ணா குழுவினர் பெருங்குடலையும் கணக்கில் சேர்த்தார்கள். சிறுகுடலில் செரிக்காத மக்காச்சோள மாவை லிட்டருக்கு 50 கிராம் கரைசலில் கலந்தார்கள். அது பெருங்குடல் வரை போய், அங்குள்ள கிருமிகளால் புளித்து, குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்களாகும். பெருங்குடல் செல்லின் சவ்வு அவற்றை எடுத்துக்கொள்ளும்போது சோடியமும் நீரும் கூடவே உள்ளே வருகின்றன, சுழல் ஏ.எம்.பி. இந்த வழியையும் அடைப்பதில்லை. 2000இல் வெளியான அந்த ஆய்வில் பங்கேற்ற காலரா நோயாளிகள் 48 பேர், பதின்பருவத்தினரும் பெரியவர்களும். வழக்கமான கரைசல் குடித்தவர்களுக்குப் பேதி சராசரியாக 91 மணி நேரம் நீடித்தது. செரிக்காத மாவு சேர்த்தவர்களுக்கு 57 மணி நேரம்.